அத்தையின் மணிக்கட்டும் டீச்சரின் கணக்கும்

நம் ஊர்ச் சாலைகளில் இரண்டு கார்கள் மோதிக்கொண்டால், போலீஸ் வருவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும். டீக்கடையில் இருந்து ஒருவர், பைக்கை ஓரங்கட்டிய ஒருவர், அந்தப் பக்கமாக நடந்துவந்த ஒருவர் என நான்கு பேர் கூடி, "உசுருக்கு ஒண்ணும் ஆகலையில்ல, பேசி முடிச்சுக்கங்க" என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்வார்கள். ஆனால், அந்தப் பத்து நிமிடத்தில் பேசி முடிப்பது எதையெல்லாம் முடித்துவிடுகிறது என்பது அவர்களுக்கும் தெரியாது, அடிபட்டவருக்கும் தெரியாது.

தஞ்சாவூரில் ஒரு பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கும் அந்த டீச்சருக்கு இது தெரியவந்தது 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில். திருச்சியில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு, அறுபத்தெட்டு வயது மாமியாருடன் திரும்பிக்கொண்டிருந்தார். கணவர் மஸ்கட்டில் வேலையில் இருக்கிறார். ஆறு வருடத்துக்கு முன் வாங்கிய சின்ன கார். டீச்சர்தான் ஓட்டுவார். செங்கிப்பட்டி தாண்டி சாலை வேலை நடந்த ஓர் இடத்தில் சிவப்புக் கொடி காட்டி வண்டிகளை நிறுத்தினார்கள். டீச்சரும் நிறுத்தினார். பின்னால் வந்த பெரிய கார் நிற்கவில்லை.

டிக்கி உள்ளே போய்விட்டது. பின் கண்ணாடி நொறுங்கியது. பம்பர் ஒரு பக்கம் தொங்கியது. முன் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த அத்தை, அந்த நேரம் பார்த்து டேஷ்போர்டில் வலது கையை ஊன்றியிருந்தார். "ஒண்ணும் இல்லம்மா, கை லேசா மடங்கிருச்சு" என்று அவர் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள்.

பத்தாயிரமும் ஒரு வெள்ளைத்தாளும்

இடித்த காரை ஓட்டியவர் இருபத்துநான்கு வயது ஆக்டிங் டிரைவர். அன்றைக்கு ஒரு நாள் சம்பளத்துக்கு வந்தவர். கார் உரிமையாளர் பின் சீட்டில் இருந்தார். அவர் மரியாதையாகத்தான் பேசினார். "தப்பு எங்க மேலதாம்மா. பத்தாயிரம் தர்றேன். ஒரு பேப்பர்ல 'எங்களுக்குள்ள பிரச்னை இல்லை'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துருங்க" என்றார். கூட்டம் தலையாட்டியது. அந்தப் பையன் டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

டீச்சர் பணத்தை வாங்கவில்லை. பெரிய சட்ட அறிவால் அல்ல. "எவ்வளவு செலவாகும்னே தெரியாம எப்படிங்க விடையை எழுதறது?" என்றுதான் கேட்டார். கணக்கு டீச்சர் ஆயிற்றே!

அதன்பின் அவர் செய்தவை எளிமையானவை. பிற்பாடு ஒவ்வொன்றும் பயன்பட்டது. இரண்டு கார்களும் நின்ற இடத்திலேயே, நம்பர் பிளேட் தெரியும்படி மொபைலில் படம் எடுத்தார். சாலை வேலைப் பலகையும் சிவப்புக் கொடியும் படத்தில் விழுந்தன. டிரைவரின் லைசென்ஸ், அந்தக் காரின் ஆர்.சி., இன்ஷூரன்ஸ் மூன்றையும் படம் எடுத்துக்கொண்டார். கொடி காட்டிய ஊழியரின் பெயரையும் எண்ணையும் குறித்தார். எதிராளி பேப்பர் காட்ட மறுத்தாலும் கவலைப்பட வேண்டியதில்லை. எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால், இன்ஷூரன்ஸ் எதுவரை இருக்கிறது என்பது தெரிந்துவிடும். தேசிய நெடுஞ்சாலை என்பதால் 1033-க்கு போன் செய்தார். ரெக்கவரி வண்டி வந்தது. தன் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் உதவி எண்ணுக்கு அங்கிருந்தே தகவல் சொல்லி, கிளெய்ம் எண் வாங்கினார்.

அந்த வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எதிராளியிடம் பின்னால் எதுவும் கேட்க முடியாமல் போயிருக்கும். அது மட்டுமல்ல. நமக்குப் பணம் கொடுக்கும் நம் கம்பெனிக்கு, அதை இடித்தவர் தரப்பில் வசூலிக்கும் உரிமை உண்டு. 'எல்லாம் தீர்ந்தது' என்று நாம் எழுதிக் கொடுத்தால் அந்த உரிமையும் அடிபடும். அதைக் காரணம் காட்டி நம் கிளெய்மையே மறுக்க இடம் கொடுத்தவர்கள் ஆவோம்.

"பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்"

அன்று இரவு அத்தையின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. கொழுந்தனார் வந்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பு முறிவு. "எப்படிம்மா அடிபட்டது?" என்று டியூட்டி டாக்டர் கேட்டபோது அத்தை, "பாத்ரூம்ல வழுக்கி…" என்று ஆரம்பித்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. மாலையில் அந்தப் பையன் போன் செய்து அழுதிருந்தான். "கேஸ்னு போட்டா என் பொழப்பு போயிரும் பாட்டி" என்றிருந்தான். கொழுந்தனாரும், "போலீஸ், கோர்ட்னு நீங்க தனியா அலையணுமா அண்ணி? அண்ணனும் ஊர்ல இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இருவர் சொன்னதையும் அத்தை மனதில் வாங்கிக்கொண்டார்.

டீச்சர் குறுக்கே புகுந்து, "இல்ல டாக்டர், கார் ஆக்சிடென்ட். இன்னிக்கு மத்தியானம், செங்கிப்பட்டி பக்கத்துல" என்றார். டாக்டர் அதை விபத்துப் பதிவேட்டில் எழுதினார். மருத்துவமனைகளில் 'ஏ.ஆர். காப்பி' என்பார்களே, அதுதான். எப்போது, எங்கே, எப்படி அடிபட்டது என்று மருத்துவர் முதல்முதலாக எழுதும் குறிப்பு. பின்னால் வழக்கு என்று வந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். அதில் 'வழுக்கி விழுந்தார்' என்று ஏறிவிட்டால், விபத்தில்தான் அடிபட்டது என்பதை நிரூபிக்கப் பெரும்பாடு படவேண்டும். யார் மேலோ இரக்கப்பட்டு, போலீஸுக்குப் பயந்து, வீட்டில் விழுந்ததாகச் சொல்லிவிட்டு இழப்பீட்டை இழந்த குடும்பங்கள் ஏராளம்.

வெளியே வந்ததும் அத்தை கோபமாகவே கேட்டார்: "அந்தப் புள்ள பாவம் இல்லையா?"

பாவம்தான். ஆனால், அத்தையின் கைக்கான செலவு அந்தப் பையனின் சட்டைப்பையில் இருந்து வரப்போவதில்லை. இதற்காகத்தான் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒருவரின் தவறால் இன்னொருவருக்கு உயிரிழப்போ, காயமோ, பொருள் சேதமோ ஏற்பட்டால், தவறு செய்தவரின் கம்பெனி இழப்பீடு தரவேண்டும். அடிபட்டவர் கையேந்தக் கூடாது, இடித்தவர் சொத்தை விற்று நடுத்தெருவுக்கு வரக்கூடாது என்பதுதான் அந்த ஏற்பாடு. வண்டிக்கு இன்ஷூரன்ஸே இல்லாவிட்டால்தான் உரிமையாளர் தலையில் முழுச் சுமையும் விழும். இதை மஸ்கட்டில் இருந்து மகன் வீடியோ காலில் பொறுமையாக எடுத்துச் சொன்ன பிறகுதான் அத்தை சமாதானம் ஆனார்.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷன். முதலில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். 'கார் சேதத்துக்கு இது போதும்' என்றார்கள். காரின் இன்ஷூரன்ஸுக்குப் போதும் என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால், ஆளுக்குக் காயம் என்றால் எஃப்.ஐ.ஆர். அவசியம். எக்ஸ்ரேயும் ஏ.ஆர். விவரமும் காட்டியதும் வழக்குப் பதிவானது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் விதிகளின்படி, விபத்து பற்றிய முதல் அறிக்கையை 48 மணி நேரத்திலும், விரிவான அறிக்கையை 90 நாளிலும் போலீஸார் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அதனால் காவல் நிலையத்தில் பதிவு இருப்பது, இழப்பீட்டுக்கான பாதி வேலை முடிந்ததற்குச் சமம்.

காருக்கு எந்தக் கம்பெனி?

அடுத்து கார். இடித்தது அவர்கள். எனவே அவர்களின் கம்பெனியே முழுப் பணமும் தரட்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். டீச்சரின் பள்ளியில் ஸ்டாஃப் ரூமே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. "நம்ம பாலிசியை எதுக்கு டீச்சர் தொடணும்? நோ கிளெய்ம் போனஸ் போயிருமே" என்றது ஒரு கட்சி.

எதிராளியின் கம்பெனியிடம் கார் சேதத்துக்குப் பணம் கேட்கலாம். தனியார் காரின் பாலிசியில், அடுத்தவர் பொருளுக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கு வழக்கமாக ஏழரை லட்ச ரூபாய் வரை காப்பு உண்டு. ஆனால், அதற்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு, தவறு அவர்களுடையது என்று காட்டி, உத்தரவு வரும் வரை காத்திருக்க வேண்டும். அதுவரை வொர்க்‌ஷாப் பில் நம் கைக்காசு. தன் பாலிசியிலேயே 'ஓன் டேமேஜ்' பகுதியில் கேட்டால் சில வாரங்களில் கார் வீட்டுக்கு வந்துவிடும். ஆனால், சில பிடித்தங்கள் இருக்கும்.

டீச்சர் ஒரு நோட்டை எடுத்து இரண்டு பக்கமும் எழுதினார். வொர்க்‌ஷாப் கொடுத்த மதிப்பீடு மொத்தம் 75,000 ரூபாய். அதில் டிக்கி கதவு போன்ற இரும்புப் பாகங்கள் 28,000. ஐந்து வருடம் தாண்டிய காருக்கு இதில் 40 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். 11,200 போயிற்று. பம்பர், விளக்கு என பிளாஸ்டிக் பாகங்கள் 14,000. இதில் பாதி, 7,000 போயிற்று. கண்ணாடி 6,000. கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது. டிங்கரிங் கூலி 15,000. அதிலும் பிடித்தம் இல்லை. பெயின்டிங் 12,000. அதில் கால் பங்கு பெயின்ட்டின் விலை என்று வைத்து, அந்த 3,000-த்தில் பாதியைக் கழிப்பார்கள். 1,500 போயிற்று. கடைசியாக 1,500 சி.சி.க்கு உட்பட்ட கார் என்பதால் கட்டாயப் பிடித்தம் 1,000. எல்லாம் போக கம்பெனி தருவது 54,300. கையில் இருந்து போவது 20,700. தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' பாலிசி எடுத்திருந்தால் இந்தத் தொகையில் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும்.

அடுத்தது போனஸ். ஐந்து வருடம் கிளெய்ம் கேட்காமல் இருந்ததால் டீச்சருக்கு 50 சதவீதத் தள்ளுபடி இருந்தது. பலரும் நினைப்பதுபோல இந்தத் தள்ளுபடி மொத்த பிரீமியத்துக்கும் அல்ல, ஓன் டேமேஜ் பிரீமியத்துக்கு மட்டும்தான். அது வருடத்துக்கு 6,000 என்று வைத்துக்கொண்டால், கிளெய்ம் கேட்ட அடுத்த வருடம் தள்ளுபடி பூஜ்யம். பிறகு வருடத்துக்கு வருடம் 20, 25, 35, 45 என ஏறி மறுபடி 50-க்கு வரும். 50-ஐ விட ஒவ்வொரு வருடமும் குறையும் சதவீதம் 50, 30, 25, 15, 5. கூட்டினால் 125. ஆக, ஐந்து வருடத்தில் மொத்த இழப்பு 7,500 ரூபாய்.

ஸ்டாஃப் ரூம் அமைதியானது. ஏழாயிரத்து ஐந்நூறைக் காப்பாற்றுவதற்காக ஐம்பத்து நாலாயிரத்துக்கு ஒரு வருடம் காத்திருப்பதா? இதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். ஒரு சின்னக் கீறல், கம்பெனி தரப்போவது மூவாயிரம் என்றால், கிளெய்ம் கேட்காமல் இருப்பதே லாபம்.

டீச்சர் தன் பாலிசியில் கேட்டார். வராமல் போகும் 20,700-ஐ மட்டும் எதிராளியின் கம்பெனியிடம் தீர்ப்பாயத்தில் கேட்பது என்று முடிவு செய்தார். ஒரே நஷ்டத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கக் கூடாது. ஆனால், ஓர் இடத்தில் கிடைக்காத பாக்கியை இன்னோர் இடத்தில் கேட்பதில் தவறில்லை. எவ்வளவு வாங்கினோம் என்பதை மனுவில் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சர்வேயர் வரும் வரை காரில் ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற விடவில்லை. வந்த சர்வேயர், 'டிக்கி கதவை மாத்த வேண்டாம், டிங்கரிங் பண்ணிக்கலாம்' என்று எழுதப் போனார். டீச்சர் சண்டை போடவில்லை. "கழற்றினப்புறம் ஒரு தடவை வந்து பார்த்துட்டு எழுதுங்க சார். அப்பவும் அதே முடிவுன்னா காரணத்தை எழுத்துல கொடுங்க" என்றார். பம்பரைக் கழற்றிப் பார்த்தபோது உள்தகடே வளைந்திருந்தது. கதவை மாற்ற ஒப்புக்கொண்டார். மறைந்திருக்கும் சேதம் இப்படித்தான் பிறகு வெளிவரும். அதற்குக் கூடுதல் மதிப்பீடு கொடுக்க வழி உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

ஒருவேளை கம்பெனி நியாயமில்லாமல் மறுத்தால்? முதலில் கம்பெனியின் குறைதீர்க்கும் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ, இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. கம்பெனி மறுத்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம். டீச்சருக்கு அந்தத் தேவை வரவில்லை. கார் ஐந்தாவது வாரம் வீட்டுக்கு வந்தது.

அத்தைக்கு என்ன சம்பளம்?

அத்தையின் கைதான் அப்படிச் சீக்கிரம் திரும்பவில்லை. எலும்பு சரியாகக் கூடாததால் தனியார் மருத்துவமனையில் பிளேட் வைத்து ஆபரேஷன். ஒரு லட்சத்து ஐந்தாயிரம் செலவு. படுக்கையில் இருந்த இரண்டாம் நாளே முன்பின் தெரியாத ஒருவர் வந்து நின்றார். "பாட்டிம்மா, நாங்களே எல்லாம் பாத்துக்குவோம். வர்ற தொகையில முப்பது சதவீதம் மட்டும் எங்களுக்கு. இங்க ஒரு கையெழுத்து" என்று வெற்று வக்காலத்தை நீட்டினார். விபத்து வார்டுகளில் உலவும் இப்படிப்பட்டவர்களிடம் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. தீர்ப்புத் தொகையில் இத்தனை பங்கு என்று வக்கீல் கட்டணம் பேசுவதை பார் கவுன்சில் விதிகளே அனுமதிப்பதில்லை. டீச்சர் தன் பழைய மாணவியான ஒரு பெண் வக்கீலைத் தேடிப் போனார். கட்டணத்தை முதலிலேயே பேசி முடித்தார்கள்.

வக்கீல் முதலில் பார்த்தது தேதியை. 2019-ல் திருத்தி, 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும். முன்பெல்லாம் 'மெதுவா போட்டுக்கலாம்' என்று இருந்ததுபோல இப்போது இருக்கக் கூடாது. விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை, வசிக்கும் ஊரிலேயே போடலாம். தஞ்சாவூரிலேயே போட்டார்கள். காருக்கு டீச்சர் பெயரில் ஒரு மனு, கைக்கு அத்தை பெயரில் ஒரு மனு.

இன்னொன்றையும் வக்கீல் விளக்கினார். சட்டத்தின் 164-ஆம் பிரிவு, யார் மேல் தவறு என்று நிரூபிக்காமலேயே உயிரிழப்புக்கு ஐந்து லட்சமும், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் தரச் சொல்கிறது. எலும்பு முறிவு கொடுங்காயத்தில் சேரும். ஆனால், அந்தத் தொகையை வாங்கிக்கொண்டால் தீர்ப்பாயத்தில் போட்ட மனு முடிந்துவிடும். இங்கே தவறு யாருடையது என்பதற்குப் படம், சாட்சி, எஃப்.ஐ.ஆர். எல்லாம் இருந்தன. "அதனால அந்த ரெண்டரை லட்சத்தை நாம தரையா வெச்சுப்போம். அதுக்குக் கீழ பேச்சே கிடையாது" என்றார்.

விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு கேள்வி கேட்டார். "நீங்க வேலைக்குப் போறவங்க இல்ல. சும்மா வீட்லதானே இருக்கீங்க. கை அடிபட்டதால உங்களுக்கு என்ன வருமானம் போச்சு?"

அத்தைக்கு பதில் சொல்லத் தெரியவில்லை. "ஆமாங்க, சும்மாதான் இருக்கேன்" என்றார்.

அன்று வீடு திரும்பியதும் டீச்சர் அதே நோட்டில் இன்னொரு பக்கத்தைத் திருப்பினார். காலை நாலரை மணிக்கு வாசல் தெளித்துக் கோலம். பேரன், பேத்திக்கு டிபன், மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பது. வாரத்தில் மூன்று நாள் மாவு அரைப்பது. காய் நறுக்குவது, துணி மடிப்பது, பேத்திக்குத் தலை பின்னுவது, கேஸ் சிலிண்டர்காரரில் இருந்து கேபிள்காரர் வரை வாசலில் பதில் சொல்வது, வெயில் காலத்தில் வற்றலும் வடாமும் போடுவது. அத்தை கட்டோடு உட்கார்ந்த மூன்று மாதத்தில் இதையெல்லாம் யார் செய்தார்கள்? சமையலுக்கு ஒரு அம்மாவை மாதம் ஆறாயிரத்துக்கு வைத்தார்கள். மேல்வேலைக்கு இன்னொருவர், மூவாயிரம். வங்கிக் கணக்கில் இருந்து போன பணத்துக்குப் பதிவு இருந்தது. அவர்கள் வந்த பிறகும் கோலமும் வற்றலும் நின்றுபோயிருந்தன.

வக்கீல் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது போதும்" என்றார். டெல்லியில் விபத்தில் இறந்த ஒரு தம்பதியின் வழக்கில் 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு வருமானம் இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த உழைப்புக்கு ஒரு மதிப்பு வைத்துத்தான் இழப்பீடு கணக்கிட வேண்டும். அந்தத் தீர்ப்பும், டீச்சரின் நோட்டுப் பக்கமும், பணம் கொடுத்ததற்கான பதிவும் தீர்ப்பாயத்துக்குப் போயின. மருத்துவக் குழு அத்தையின் கையைப் பரிசோதித்து, மணிக்கட்டு முழுதாக மடங்காது என்று ஊனச் சான்றிதழ் கொடுத்தது. மருந்துச் சீட்டு, ஸ்கேன் பில், ஆட்டோ வாடகை, பிசியோதெரபி ரசீது என்று டீச்சர் ஒன்றைக்கூட விடாமல் தேதி வாரியாக ஒட்டி வைத்திருந்தார்.

2024 செப்டம்பரில் நடந்த தேசிய மக்கள் நீதிமன்றத்தில் இரண்டு மனுக்களும் எடுத்துக்கொள்ளப்பட்டன. எதிராளியின் கம்பெனி இரண்டு லட்சத்தில் பேச்சை ஆரம்பித்தது. வக்கீல் அந்த 164-ஆம் பிரிவை நினைவுபடுத்தினார். அரை மணி நேரப் பேச்சுக்குப் பிறகு அத்தையின் கைக்கு 2,90,000 ரூபாய், காருக்கு 18,000 ரூபாய் என்று முடிந்தது. வழக்கை நடத்தியிருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கலாம். ஆனால், மக்கள் நீதிமன்றத்தில் முடிந்த வழக்குக்கு மேல்முறையீடு கிடையாது. இழுத்தடிப்பும் கிடையாது. அத்தைக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. "எழுபது வயசை நெருங்கிட்டேன். இன்னும் எத்தனை வாய்தா பாக்கறது?" என்றார்.

காரில் மட்டும் கணக்குப் பார்த்தால், தேய்மானத்தில் திரும்பக் கிடைக்காத 2,700, போனஸில் போகப்போகும் 7,500 என 10,200 ரூபாய் நஷ்டம்தான். டீச்சர் அதையும் மறைக்காமல் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். தவறே செய்யாதவருக்கும் முழுதாகத் திரும்பக் கிடைப்பதில்லை. ஆனால், அன்று சாலையில் நீட்டப்பட்ட பத்தாயிரத்துக்கும் இதற்கும் நடுவில் எவ்வளவு தூரம்!

அந்த ஆக்டிங் டிரைவர்? போலீஸ் வழக்கில் தவறை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினான். அந்த உரிமையாளர் மறுபடி அவனைக் கூப்பிடவில்லை. ஆனால், பிழைப்பு போகவில்லை. இப்போது ஒரு பள்ளி வேன் ஓட்டுகிறான். ஆபரேஷன் முடிந்து அத்தை வீட்டுக்கு வந்த வாரம், ஹார்லிக்ஸ் பாட்டிலும் அரை டஜன் சாத்துக்குடியுமாக வாசலில் வந்து நின்றான். உள்ளே வரத் தயங்கியவனை அத்தைதான் கூப்பிட்டு உட்காரவைத்து, "முன்னால போற வண்டிக்கும் உனக்கும் இடைவெளி விட்டு ஓட்டுப்பா" என்றார்.

பணம் அத்தையின் வங்கிக் கணக்குக்கே நேராக வந்தது. பாஸ்புக்கில் பதிந்து வந்த அன்று, அந்த வரியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். ஆபரேஷனுக்காக மகன் வாங்கிய கடனை அடைக்கச் சொன்னார். மகன் வேண்டாம் என்றும் விடவில்லை. மிச்சத்தை அப்படியே டெபாசிட் போட்டார். அதற்கு முன்பு ஒரே ஒரு செலவு மட்டும் தனக்கென்று செய்துகொண்டார். பழைய கிரைண்டரில் இருந்து கல்லைத் தூக்கி மாவை வழித்தெடுக்க அந்தக் கை இனி ஒத்துழைக்காது என்பதால், சாய்த்து ஊற்றும் டில்டிங் கிரைண்டர் ஒன்று வாங்கினார். கடைக்காரர் பில்லை யார் பெயரில் போட என்று டீச்சரைப் பார்த்துக் கேட்டார். அத்தை முந்திக்கொண்டு தன் பெயரைச் சொன்னார்.